கிரைண்டர் மேல் இறங்கிய இன்டர்நெட்

போன சரஸ்வதி பூஜைக்கு பெசன்ட் நகரில் முரளி வீட்டுக்குப் போயிருந்தேன். சுவாமி அலமாரிக்கு முன்னால் ஒரு பலகை. அதன்மேல் புத்தகங்கள், கத்தரிக்கோல், கார் சாவி, அப்புறம் வீட்டில் இருக்கிற அத்தனை செல்போன்களும் வரிசையாகப் படுத்திருந்தன. முரளியின் மனைவி வசந்தி சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். மகள் போன் வந்ததும் கை நின்றுவிட்டது. விரல் நுனியில் சந்தனம் காய, போனை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல எங்க வைக்கறது? முன்னாடி பூரா கண்ணாடி. பின்னாடி பூரா கேமரா."

"லென்ஸ் மேல மட்டும் வெச்சுடாதேம்மா" என்றாள் மகள்.

அதைக் கேட்டு வசந்தி தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். சாதாரணச் சிரிப்பு இல்லை; திருடிவிட்டு வந்தவர்கள் சிரிப்பது மாதிரி இருந்தது. முரளி சோபாவில் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உம்மென்று இருந்தான். அவன் கோபத்துக்குக் காரணம் வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன். எனக்கு அந்த நேரத்தில் சந்தன வாசனை மூக்கில் ஏறி, மயிலாப்பூரில் ஒரு சமையலறையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

சமையலறைக்குள் நுழைவதற்கு முன்னால் நாங்கள் பார்த்த வேலையைச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் இதெல்லாம் பித்துப் பிடித்தவர்கள் கதை என்று நினைப்பீர்கள். சொன்ன பிறகும் அப்படி நினைத்தால் அது உங்கள் உரிமை.

தொண்ணூறுகளின் கடைசி. தி. நகரில் உஸ்மான் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் முதலாளி, முரளி, நான், ஒரு மின்விசிறி. கீழே யாராவது எவர்சில்வர் குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கினால் மேலே எங்கள் மேஜை அதிரும். செல்போன் வழியாக இன்டர்நெட்டைக் கொண்டுவருவதுதான் எங்கள் வேலை. செல்போனில் பேசுவதற்கே ஊரில் பாதிப் பேர் பயந்துகொண்டிருந்த காலம் அது. போன் வந்தால் எடுப்பவருக்கும் காசு என்பதால், மணி அடித்தால் வெட்டிவிட்டு, பக்கத்துக் கடையில் ஒரு ரூபாய் போட்டுத் திரும்பக் கூப்பிடுவார்கள். அந்தக் கருவியில் கடிதம் வரும், உலகம் வரும் என்று நாங்கள் சொல்லிக்கொண்டு திரிந்தோம். எங்கள் அம்மா அக்கம்பக்கத்தில் என் வேலையை "போன் ரிப்பேர்" என்று சொல்லிவைத்திருந்தாள். நானும் திருத்தவில்லை. திருத்தினால் விளக்க வேண்டியிருக்கும்.

உங்களுக்காவது கொஞ்சம் விளக்குகிறேன். இன்டர்நெட்டில் சேருகிற ஒவ்வொரு கருவிக்கும் எண்ணால் ஆன ஒரு விலாசம் கொடுப்பார்கள். ஐ.பி. அட்ரஸ் என்று பெயர். அந்த விலாசத்துக்குத்தான் எல்லாம் பொட்டலம் பொட்டலமாக வந்து சேரும். வீட்டில் ஒயர் போட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிற கம்ப்யூட்டருக்காக யோசித்த ஏற்பாடு. செல்போனோ ஊர் சுற்றுகிற ஜாதி. ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்கு மாறுகிற இடத்தில் இணைப்பு அறுந்துபோகும். அறுந்தால் விலாசம் போச்சு. மறுபடி கூப்பிட்டால் வேறு விலாசம். பழைய விலாசத்துக்கு வந்த பொட்டலமெல்லாம் ஆளில்லாத வீட்டு வாசலில் நின்றுவிட்டுப் போகும். இது போதாதென்று அந்த ஏற்பாட்டுக்கு ஒரு நல்ல குணம் வேறு. பதில் வரக் கொஞ்சம் தாமதமானால், வழியில் கூட்டம் போலிருக்கிறது என்று தானே நினைத்துக்கொண்டு இன்னும் மெதுவாகப் போகும். உஸ்மான் ரோட்டில் எந்த வண்டியும் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டு நான் பார்த்ததில்லை.

இணைப்பு எங்கே அறுகிறது என்று கண்டுபிடிக்க, மடிக்கணினியை மடியில் திறந்துவைத்துக்கொண்டு ஆட்டோவில் அலைவோம். அடையாறு பாலம் எங்களுக்கு ஜென்ம விரோதி. சரியாக நடுப்பாலத்தில் அறுந்துவிடும். திரும்பவும் இந்தக் கரைக்கு வந்து, மறுபடி அந்தக் கரைக்குப் போய் என்று ஒரு மத்தியானம் முழுக்கப் போய்வந்துகொண்டிருந்தோம். ஆட்டோக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டினார்.

"இன்னா நைனா, பாலத்த வாங்கப் போறியா? பொட்டிய தொறந்து வச்சிக்கினு போய்க்கினு வந்துகினு கீறியே."

"சிக்னல் எங்க போகுதுன்னு பாக்கறோம்ணே."

"அது தெரியணும்னா மத்திய கைலாஷ் வரிக்கும் போணும். அங்கதான் சிக்னலு கீது. பச்ச, செவப்பு எல்லாம் எரியும்."

முரளிக்கு இந்த மாதிரிப் பேச்சில் மனசு நோகாது. அவன் நொந்துபோனது ஒரே ஒருவரிடம்தான். வசந்தியின் அப்பா, ராகவன் மாமா.

முரளியும் வசந்தியும் லஸ் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சந்தித்து, ஒருவரை ஒருவர் விரும்பி, பிறகு நல்ல பிள்ளைகளாக இரண்டு வீட்டிலும் ஜாதகத்தைக் கொடுத்து யதேச்சையாக வந்த வரன் போல நாடகம் ஆடினார்கள். ஜாதகம் அமோகமாகப் பொருந்தியது. உத்தியோகம்தான் பொருந்தவில்லை. ராகவன் மாமா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கேபிள் பிரிவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மயிலாப்பூர் ரோட்டுக்கு அடியில் எந்தக் கேபிள் எங்கே திரும்புகிறது என்பதைக் கனவில் கேட்டாலும் சொல்வார். மழைக்காலத்தில் குழிக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒயரோடு ஒயர் சேர்த்தவர். அவர் வீட்டுக் குழந்தைகள் நிலா நிலா பாடி வளரவில்லை. கேபிளுக்குள் ஒயர்கள் இருக்கிற நிற வரிசையைத்தான் பாடி வளர்ந்தார்கள்: புளூ, ஆரஞ்சு, கிரீன், பிரவுன், ஸ்லேட். வசந்தி தூக்கத்தில்கூட அதைச் சொல்வாள் என்று முரளி பிற்பாடு சொல்லியிருக்கிறான்.

அப்படிப்பட்ட மனிதரிடம் போய், மாப்பிள்ளை ஒயரே இல்லாமல் கடிதம் வரவழைக்கிற வேலையில் இருக்கிறான் என்றால் எப்படி இருக்கும்?

"ஒயர் இல்லாம ஒண்ணும் வராது. வர்றதுன்னு சொல்றவன் ஒண்ணு ஏமாத்தறான், இல்லேன்னா ஏமாந்துண்டிருக்கான். ரெண்டுல எவனுக்கும் நான் பொண்ணு தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

முரளிக்கு ரோஷம் வந்துவிட்டது. நேரில் வந்து, உங்கள் வீட்டிலேயே, ஒரு முழம் ஒயர்கூட இல்லாமல் வரவழைத்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டுவிட்டான். மாமாவும் ஒப்புக்கொண்டார். சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குத் தன் கறுப்பு டெலிபோனில் பேசி, என்ன எழுதி அனுப்பவேண்டும் என்று இரகசியமாகச் சொல்லிவைத்தார். அது வந்தால் கல்யாணம். வராவிட்டால் ஜாதகம் திரும்பி வரும். அவர்கள் பந்தயத்தில் நடுவில் நின்ற வசந்தியை இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

இங்கே ஒரு சமாசாரம். போனையும் மடிக்கணினியையும் சேர்க்க அப்போது இரண்டு வழி. ஒன்று, ஒரு சாண் நீளத்துக்கு ஒரு ஒயர். இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத ஒளி. போனின் தலைமாட்டில் கறுஞ்சிவப்பாக ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். மடிக்கணினியின் முதுகில் அதே மாதிரி ஒன்று. இரண்டு ஜன்னலும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கவேண்டும். கொஞ்சம் முகம் திருப்பினாலும் பேச்சுவார்த்தை நின்றுவிடும். எலியட்ஸ் பீச்சில் ஒரு சாயங்காலம் முரளி அந்த போனை வசந்தியிடம் காட்டி, "இதுதான் இதோட கண்ணு. இது வழியாத்தான் எல்லாம் போறது" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தபோது நானும் சுண்டலோடு பக்கத்தில் இருந்தேன். காதலியிடம் பேச வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்று அவன்மேல் எனக்குப் பரிதாபமாக இருந்தது.

குறித்த நாளில், நல்ல நேரம் பார்த்து, மயிலாப்பூரில் தெற்கு மாட வீதியை அடுத்த அந்த வீட்டுக்குப் போனோம். ஒயர் கொண்டுவரக்கூடாது என்பது முரளியின் உத்தரவு. நான் அவனுக்குத் தெரியாமல் என் பைக்குள் ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தேன். நண்பனிடம் நம்பிக்கை இருக்கலாம், செல்போனிடம் எப்படி வைப்பது?

கூடத்தில் சிக்னல் இல்லை. மாடிப்படியில் இல்லை. போனைக் கையில் தூக்கிக்கொண்டு முரளி வீடு முழுக்க நடந்தான். ஆரத்தி காட்டுகிறான் போலிருக்கிறது என்று வசந்தியின் அம்மா, எங்களுக்கு மாமி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கடைசியில் சமையலறை ஜன்னலோரம் வந்தபோது சிக்னல் கோடுகள் எழுந்து நின்றன. அங்கே இருந்தது கிரைண்டர். மாமி அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு, கோலமும் போட்டுக் கொடுத்தாள். மடிக்கணினி கிரைண்டர் மேல் ஏறியது. போன், எதிரே அரிசி டின் மேல்.

"போன் எந்தப் பக்கம் பார்த்திண்டிருக்கு?" என்றாள் மாமி.

"கிழக்கு மாமி."

"அப்ப பொட்டி மேற்கே பார்க்கறதே. நல்ல காரியத்தை மேற்கே பார்த்து ஆரம்பிப்பாளோ?"

வடக்கு தெற்காகத் திருப்பினோம். இப்போது ஒன்று தெற்கே பார்த்தது. அது எமன் திசை, கூடவே கூடாது. எதிரெதிரே வைக்கிற இரண்டு பொருளில் ஒன்று எப்போதும் ஆகாத பக்கம்தான் பார்க்கும் என்பதை முரளி மாமிக்கு விளக்க முயன்றுகொண்டிருந்தான். அப்போது வசந்தி, காப்பி ஆற்றிக்கொண்டே, "மாலை மாத்தறச்சே ரெண்டு பேரும் எதிர் எதிராத்தானே நிப்பா, அம்மா" என்றாள். மாமி மனசு இறங்கியது. ராகவன் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமல் ஆரம்பிக்கக்கூடாது என்று மாமி சொல்ல, வசந்தியே கிண்ணத்தை எடுத்து வந்தாள். மடிக்கணினியின் மூடிக்கு ஒன்று. போனின் நெற்றியில் ஒன்று. கல்லில் இழைத்த கெட்டிச் சந்தனம், மேலே தாராளமாகக் குங்குமம். எல்லோரும் கும்பிட்டோம். முரளி பட்டனை அமுக்கினான்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி அமுக்கினான். நெற்றி வியர்த்தது. அமைப்புகளுக்குள் போய், இருந்த எண்களை மாற்றி, மாற்றியதை மறுபடி மாற்றி, மடிக்கணினியை அணைத்து உயிர்ப்பித்து, விலாசம் கொடுக்கிறவனைத் திட்டி, டவர்க்காரனைத் திட்டினான். "மச்சி, புரோட்டோகால்ல ஏதோ இடிக்குதுடா" என்று, கருவிகள் பேசிக்கொள்ளும் முறையைக் குற்றம் சொல்லி, என் காதில் முனகினான். படித்த படிப்பையெல்லாம் இரண்டு பேரும் அந்தக் கிரைண்டர் மேல் கொட்டினோம். மாமா நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். அந்த மூடிய கண் முரளியை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் நான் போனைப் பார்த்தேன். அதன் நெற்றியும் கண்ணும் ஒரே இடத்தில் இருந்தன. அந்தச் சின்ன ஜன்னல் சந்தனத்துக்கு அடியில் போய்விட்டிருந்தது.

"டேய், கண்ணுல சந்தனம்டா."

முரளி சட்டென்று கைக்குட்டையை எடுத்தான். அது போனைத் தொடுவதற்குள் மாமி பதறிவிட்டாள்.

"ஐயையோ, குங்குமத்தை அழிக்கப் போறியாப்பா? நல்ல நாளும் அதுவுமா, எம்பொண்ணு கையால வெச்சது."

கைக்குட்டை அந்தரத்தில் நின்றது. நீங்களே யோசித்துப் பாருங்கள். பெண் கேட்டு வந்த இடத்தில், அந்தப் பெண் வைத்த குங்குமத்தை, அவள் அம்மா கண்ணெதிரே துடைக்கிற தைரியம் எந்த மாப்பிள்ளைக்கு வரும்? துடைத்தால் இன்டர்நெட் வரும், கல்யாணம் போகும். துடைக்காவிட்டால் இன்டர்நெட் வராது, அப்போதும் கல்யாணம் போகும்.

தானாக உதிர்ந்தால் தோஷமில்லை என்று எனக்குத் தோன்றியது. காற்று வேண்டும் என்று சொல்லி டேபிள் ஃபேனைக் கேட்டு வாங்கி போனுக்கு நேராக வைத்தோம். நல்ல சந்தனம் அது. காயக் காய சிமென்ட் ஆனது. முரளி யாரும் பார்க்காதபோது ஊதிப் பார்த்தான். மாமி அதையும் பார்த்துவிட்டு, திருஷ்டி பட்டிருக்கிறது என்று முடிவுக்கு வந்தாள். உப்பும் மிளகாயும் எடுத்து போனுக்கும், மடிக்கணினிக்கும், முரளிக்கும் சேர்த்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். எல்லோரும் இருமினோம். மாமா இருமிக்கொண்டே, "கமறறது. அப்ப திருஷ்டி இல்லே. வேற கோளாறு" என்றார்.

நல்ல நேரம் முடியப் போகிறது என்று மாமி கடிகாரத்தைப் பார்த்தாள். முரளி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. பையிலிருந்து ஒயரை எடுத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு வாங்கி, ஒரு முனையை போனின் காலடியிலும் மறுமுனையை மடிக்கணினியிலும் செருகினான். சவாலில் தோற்றுவிட்டான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

மடிக்கணினி கூப்பிட்டது. எதிர்முனை எடுத்தது. விலாசம் கிடைத்தது. கடிதம் ஒவ்வொரு எழுத்தாக, படியேறி மூச்சு வாங்குகிற கிழவர் மாதிரி வந்து சேர்ந்தது. மாமா எழுந்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கிரைண்டர்மேல் குனிந்து உரக்கப் படித்தார். "புளூ. ஆரஞ்சு. கிரீன். பிரவுன்." நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "ஸ்லேட்."

மிளகாய்ப் புகையா, வேறெதுவுமா, அவர் கண் கலங்கியிருந்தது.

அப்புறம் அந்த ஒரு சாண் ஒயரைக் கையில் எடுத்து, தடவிப் பார்த்தார். "பார்த்தியா. சிங்கப்பூர்லேர்ந்து டவர் வரைக்கும் ஒயர். போன்லேர்ந்து பொட்டி வரைக்கும் ஒயர். நடுவுல கொஞ்சம் தாவியிருக்கு, அவ்வளவுதானே. குரங்குகூடத்தான் கிளைக்குக் கிளை தாவறது. அதுக்காக மரமே வேண்டாம்னு சொல்லுமோ?"

முரளி வாய் திறந்தான். அவன் காலை நான் மிதித்தேன். வாயை மூடிக்கொண்டான்.

"தோத்துட்டோமேன்னு முகத்தைத் தொங்கப் போடாதே. கடைசியில ஒயரைத்தான் தேடி வந்தே. புத்தியுள்ள பிள்ளை" என்று மாமா அவன் முதுகில் தட்டிவிட்டு, உள்ளே திரும்பி, பஞ்சாங்கத்தைக் கொண்டுவரச் சொன்னார். தோற்றவனுக்கு அவ்வளவு பிரியமாகப் பெண் கொடுத்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் முரளியைக் காட்டி, "எங்காத்து மாப்பிள்ளை, ஒயர் வேலையில இருக்கார்" என்றுதான் அறிமுகம் செய்துவைத்தார்.

பெசன்ட் நகரில் பூஜை முடிந்து வடை வந்தது. இந்தக் கதையை வசந்தியின் மகளுக்கு நான் சொல்லிக்கொண்டிருந்தேன். சந்தனம் தற்செயலாகக் கண்ணில் விழுந்த இடத்துக்கு வந்தபோது வசந்தி மறுபடி அந்தத் திருட்டுச் சிரிப்பைச் சிரித்தாள்.

"தற்செயலா? பீச்சுல இவர்தானே காட்டினார், இதான் கண்ணுன்னு."

முரளியின் முகத்துக்கு முன்னாலிருந்த பேப்பர் இறங்கியது.

"எங்கப்பாவை ஜெயிச்சுட்டு ஒருத்தர் அந்த ஆத்துக்கு மாப்பிள்ளையா வர முடியுமா? ஜெயிச்சிருந்தா, வாக்கு குடுத்துட்டோமேன்னு கல்யாணம் பண்ணி வெச்சிருப்பார். அப்புறம் ஜென்மத்துக்கும் இவரோட பேசியிருக்கமாட்டார். எனக்கு ரெண்டு பேரும் வேணுமா இருந்தது. இவர் பையில ஒயர் இல்லேன்னாலும் உங்க பையில இருக்கும்னு எனக்குத் தெரியும்."

முரளி கையிலிருந்த வடையைத் தட்டில் திரும்ப வைத்தான். "அந்த ஒரு நாளுக்காக நான் மாசக்கணக்கா புரோட்டோகாலைத் திருத்தி எழுதினேனேடி" என்றான் மெதுவாக.

அந்தப் பாத்திரக்கடைச் சந்து இப்போது ஒரே ஜவுளி மாளிகை. அடையாறு பாலத்தில் எதுவும் அறுவதில்லை. ஆட்டோக்காரரே பாலத்தின் நடுவில் யாருடனோ முகம் பார்த்துப் பேசிக்கொண்டு போகிறார். மாமாவின் கறுப்பு டெலிபோனை அவர் போன பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ரோட்டுக்கு அடியில் அவர் சேர்த்த ஒயர்கள் இன்னும் புளூ, ஆரஞ்சு, கிரீன் என்று வரிசை தப்பாமல், யார் பேச்சும் இல்லாமல் கிடக்கும் என்று நினைக்கிறேன். ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்தால்தான் பேசும் கருவிகள் போய்விட்டன.

முரளியின் கோபத்தைக் கடைசியில் சொல்கிறேன் என்றேனே. மகளுக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறது. அவன் வேலை என்னவென்று கேட்டால், கிளவுட் என்று எங்கோ மேகத்தில் எதையோ பார்த்துக்கொள்கிறானாம். "மேகத்துல என்ன வேலை? ஒரு மெஷினாவது கண்ணுல படணும். வந்து காட்டட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று முரளி சொல்லிவிட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பையன் தன் போனோடு வருகிறான். அவன் காட்டுவது கட்டாயம் வேலை செய்யும். அதுதான் வசந்திக்குப் பயம்.

நான் கிளம்பும்போது, விரலில் காய்ந்த சந்தனத்தோடு அவள் மகளின் போனை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தாள். "நீங்களும் அந்த வேலை பார்த்தவர்தானே. இதுல எங்க வெச்சா வேலை செய்யறது நிக்கும்?" என்று என்னிடம் கேட்டாள்.

வாங்கிப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.